போட்டோ ரீடச் வேலைக்கு ஐயாயிரம் ரூபாய்க்குள் எந்தப் பென் டேப்லெட்?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வேலை. ரீடச், அதாவது படத்தில் முகக் குறைகளைத் திருத்துவது, முழுக்க மவுஸில்தான். முகூர்த்த மாதம் வந்தால் மணிக்கட்டு வலி. 24 அங்குல மானிட்டர் ஒன்று இருக்கிறது, கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. பென் டேப்லெட், அதாவது பேனாவால் தடவினால் திரையில் கோடு விழுகிற பலகை, வாங்கினால் வேலை உண்மையிலேயே மாறுமா, வாக்கம் கம்பெனியா ஹூயான் கம்பெனியா, அழுத்தப் படி 2048 போதுமா 8192 வேண்டுமா, இன்னும் காசு சேர்த்து ஸ்கிரீன் உள்ளதாகவே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்குங்கள். ஸ்கிரீன் வேண்டாம், சின்ன சைஸ் போதும். ஒன் பை வாக்கம் சின்னது, இல்லாவிட்டால் ஹூயான் ஹெச்640பி. இந்த இரண்டில் எதை எடுத்தாலும் உங்கள் பணம் வீண்போகாது. ஏன் இவை என்று தெரிந்துகொண்டு வாங்கினால், கடையில் யாராவது வேறொன்றைக் கையில் திணித்தாலும் குழம்ப மாட்டீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முகூர்த்தப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பொண்ணு அரை மணி நேரமாக ஹோமகுண்டத்தின் எதிரில் உட்கார்ந்திருக்கிறது. புகை, வேர்வை, அதற்குமேல் ஃப்ளாஷ். மூக்குத்தண்டில் ஒரு வெள்ளைக் கோடு, நெற்றிச்சுட்டிக்குக் கீழே ஒரு திட்டு, கண்ணுக்கு அடியில் தூக்கமில்லாத கருமை. இதை மவுஸில் எப்படிச் செய்வீர்கள்? பிரஷ் ஓபாசிட்டியை (எவ்வளவு கனமாகப் பதிகிறது என்ற அளவை) 10-க்கு இறக்கி, ஒரு கிளிக், இன்னொரு கிளிக், ஓரத்தில் 5-க்கு இறக்கி மறுபடி ஒன்று. மவுஸுக்குத் தெரிந்தது இரண்டே நிலை: அமுக்கியிருக்கிறது, அமுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு கிளிக்கும் ஒரே கனத்தில் விழுகிறது. திட்டின் நடுவில் போதாமலும் ஓரத்தில் அதிகமாகவும் போய், கடைசியில் ஓரம் தெரியாமல் இருக்க மொத்தத்தையும் பிளர் பண்ணிவிடுகிறோம். ஆல்பத்தில் பொண்ணு முகம் மெழுகுப் பொம்மை மாதிரி வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பேனாவில் அதே இடத்தை ஒரே இழுப்பில் முடிக்கலாம். திட்டின் நடுவில் கொஞ்சம் அழுத்தி, ஓரத்துக்குப் போகப் போகக் கையைத் தூக்கிக்கொண்டே போனால், திருத்தம் தானாகக் கரைந்துவிடும். நான் செய்கிற முறை இது: போட்டோஷாப்பில் இரண்டு கர்வ்ஸ் லேயர் (வெளிச்சத்தை மாற்றும் அடுக்கு), ஒன்று லேசாக வெளிச்சம், ஒன்று லேசாக இருட்டு, இரண்டுக்கும் அந்த மாற்றத்தை மறைக்கிற கறுப்பு மாஸ்க். வெள்ளை பிரஷ் தடவிய இடத்தில் மட்டும் மாற்றம் தெரியும். அந்த பிரஷ்ஷை எடுத்து ஃப்ளோ (நிறம் வழிகிற வேகம்) 3 முதல் 5 சதவீதம் வைத்து, பேனா அழுத்தத்தை ஓபாசிட்டியோடு மட்டும் இணைத்துவிடுவேன். கன்னத்தில் இருக்கிற மேடு பள்ளத்தைத் தடவித் தடவிச் சமப்படுத்துவேன். தோலின் துவாரம், மென்முடி எதுவும் அழியாது. முகத்தை வெளுப்பாக்காமலேயே தெளிவாக்க முடியும் என்பதை நான் கற்றுக்கொண்டது பேனா கைக்கு வந்த பிறகுதான். மாநிறப் பொண்ணை ஆல்பத்தில் வெள்ளைக்காரி ஆக்குவதை நான் ரீடச் என்று ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அந்த முகத்தைப் பார்த்து அவள் அம்மாவே யாரோ என்று நினைத்தால் நாம் என்ன வேலை செய்தோம்?

ஃபிலிம் காலத்தில் ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் மேலேயே கூரான பென்சிலால் ரீடச் செய்வார்கள். நெகட்டிவ்வில் சுருக்கமும் கண்ணடிக் கருமையும் வெளிறி, கறுப்புக் குறைந்து இருக்கும். அந்த இடத்தில் பென்சில் முனையால் புள்ளி புள்ளியாகத் தொட்டுத் தொட்டு ஏற்றினால் பிரிண்டில் அது வெளுத்துச் சமமாகிவிடும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அப்படி வேலை செய்தவர். “அழுத்தாதே, தொடு” என்பார். போட்டோ வேலைக்கான டேப்லெட்டைத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்றைக்கும் அந்த ஒரு சொல்தான் அளவுகோல். ஓவியம் வரைகிறவருக்கு அழுத்தமான கோடு வேண்டும். நமக்கு வேண்டியது லேசான தொடுதல். எந்தப் பேனா நம் லேசான தொடுதலைச் சரியாக உணர்கிறதோ அதுதான் நல்ல டேப்லெட்.

எல்லா வேலைக்கும் பேனா தேவை என்று சொல்ல மாட்டேன். ஆல்பம் பக்கம் அடுக்குவது, கலர் கரெக்‌ஷன், லைட்ரூமில் ஸ்லைடர் நகர்த்துவது எல்லாம் மவுஸில் நன்றாகவே நடக்கும். போட்டோஷாப்பின் பென் டூல் வைத்துப் பாத் (எல்லைக் கோடு) போட்டு உருவத்தைத் தனியே கட்டிங் எடுப்பதற்கும் மவுஸே நிதானமாக இருக்கும், புள்ளி அசையாது. உங்கள் வேலையில் பெரும்பகுதி அதுதான் என்றால் இந்த 5,000-த்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். தோல், மாஸ்க், தலைமுடி ஓரம், மல்லிகைச்சரத்தின் விளிம்பு, ஹீலிங் பிரஷ், குளோன் ஸ்டாம்ப் (ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தை மூடும் கருவிகள்) என்று கையால் தடவுகிற வேலை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

இப்போது பெட்டிமேல் போட்டிருக்கிற எண்களுக்கு வருகிறேன்.

2048, 4096, 8192 என்பது அழுத்தத்தை எத்தனை படியாகப் பிரிக்கிறது என்ற கணக்கு. எட்டு பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு இருப்பதே 256 படிதான். 2048 அதைப்போல எட்டு மடங்கு. அதற்குமேல் போனால் நம் கையும் அறியாது, கண்ணும் அறியாது. இதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். பெட்டியில் பெரும்பாலும் போடாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும்: கோடு விழ ஆரம்பிப்பதற்கு எவ்வளவு அழுத்தம் கேட்கிறது? சில மலிவுப் பேனாக்களில் ஒரு அளவு அமுக்கும்வரை எதுவும் விழாது, பிறகு திடுமென்று பாதி அழுத்தத்தில் தொடங்கும். 3 சதவீத வேலைக்கு அது உதவாது. கடையில் டெமோ இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். பேனாவின் பின்பக்கத்தை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, பேனாவின் சொந்தக் கனத்திலேயே டேப்லெட்மேல் இழுங்கள். மெல்லிய கோடு விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு எண் எல்பிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை கோட்டைப் பிரித்து அறிகிறது என்பது. ஒன் பை வாக்கத்தில் 2540, ஹூயான் ஹெச்640பி-யில் 5080. 2540 என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 100 கோடு. 152 மில்லிமீட்டர் அகலத்துக்கு 15,200. சாதாரண ஃபுல் ஹெச்டி மானிட்டரின் அகலம் 1920 பிக்சல்தான். அங்கேயே மிச்சம் இருக்கிறது. டில்ட், அதாவது பேனாவின் சாய்வை அறிகிற வசதி, வரைகிறவர்களுக்கு நல்லது. வட்டமான மெத்து பிரஷ்ஷை வைத்து வேலை செய்கிற நமக்கு அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

சைஸில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். முதலில் வாங்கியது 10 அங்குலத்துக்கும் பெரியது. பெரிசு என்றால் நல்லது என்ற நினைப்பு. மேசையில் கீபோர்டுக்கு இடமில்லாமல் போனது. மூலைக்கு மூலை போக முழங்கையோடு கையைத் தூக்க வேண்டியிருந்தது. மணிக்கட்டு வலி போய்த் தோள்பட்டை வலி வந்ததுதான் மிச்சம்.

கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். 24 அங்குல மானிட்டரின் அகலம் ஏறக்குறைய 53 சென்டிமீட்டர். சின்ன டேப்லெட்டின் வேலைப் பரப்பு 152 மில்லிமீட்டர் அகலம். ஆக, கை 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் திரையில் மூன்றரை மில்லிமீட்டர் நகரும். 216 மில்லிமீட்டர் உள்ள மீடியம் சைஸில் இது சுமார் இரண்டரை. 10 அங்குலத்தில் இரண்டைக் கொஞ்சம் தாண்டும். 15.6 அங்குல லேப்டாப்பில் வேலை செய்கிறவருக்குச் சின்ன டேப்லெட்டிலேயே இரண்டேகால்தான் வரும், அவருக்கு அது தாராளம். மூன்றரை என்பது வரைகிறவருக்குக் கொஞ்சம் நெருக்கடி. ஒரே இழுப்பில் நீளமான வளைகோடு போட வேண்டியிருக்கும். நாமோ கண்ணுக்கு வேலை செய்யும்போது கண்ணையே திரை நிறைய ஜூம் பண்ணிக்கொள்கிறோம். ஒரு இமைமுடி திரையில் விரல் நீளம் இருக்கும். அதனால் சின்ன சைஸின் நெருக்கடி நமக்குத் தெரியாது. விரலும் மணிக்கட்டும் அசைந்தால் போதும், முழங்கை மேசையிலேயே இருக்கும். 27 அங்குலம், அதற்கு மேல், அல்லது 4கே மானிட்டர் என்றால் மட்டும் மீடியம் பாருங்கள். 4.8 அங்குலமே உள்ள ஹூயான் ஹெச்430பி மாதிரி மிகச் சின்னவை லேப்டாப்புக்குச் சரி, உங்கள் மானிட்டருக்கு வேண்டாம்.

ஸ்கிரீன் உள்ள டேப்லெட்டுக்குக் காசு சேர்க்கலாமா என்றால், இந்த வேலைக்கு வேண்டாம் என்பேன். நம் தொழிலில் முதல் தெய்வம் கலர். மலிவான ஸ்கிரீன் டேப்லெட்டில் ஒரு கலர், மானிட்டரில் ஒரு கலர், லேபிலிருந்து பிரிண்ட் வரும்போது மூன்றாவது கலர் என்றால் எதை நம்புவது? போதாததற்கு நாள் முழுக்கக் குனிந்து பார்க்க வேண்டும், நம் கையே படத்தை மறைக்கும். சாதாரண டேப்லெட்டில் தலை நிமிர்ந்து மானிட்டரைப் பார்க்கிறீர்கள், கை கீழே வேலை செய்கிறது. சேர்க்கிற காசு மானிட்டருக்குப் போகட்டும். உங்களிடம் இருப்பது ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் கலர் அவ்வளவாக மாறாத திரை வகை) இல்லையென்றால் அடுத்த செலவு அதுதான்.

மாடல்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாக்கம் 1983-இல் தொடங்கிய ஜப்பான் கம்பெனி. பேட்டரி இல்லாத பேனாவுக்குப் பேர்போனது. டேப்லெட்டிலிருந்து வரும் மின்காந்த அலையிலேயே பேனா இயங்கிக்கொள்கிறது, சார்ஜ் போடுகிற கவலை இல்லை. ஒன் பை வாக்கம் சின்னது, மாடல் எண் சிடிஎல்-472. பரப்பு 152-க்கு 95 மில்லிமீட்டர், 2048 அழுத்தப் படி. டேப்லெட்மேல் ஒரு பட்டன்கூட இல்லை, பேனாவில் மட்டும் இரண்டு. எண்களை வைத்துப் பார்த்தால் மிகச் சாதாரணம். ஆனால் லேசான தொடுதலை அது பிடிக்கிற விதமும், டிரைவர் (டேப்லெட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற மென்பொருள்) தொல்லை தராமல் இருப்பதும்தான் அதை நான் முதலில் சொல்லக் காரணம். ஹூயான் ஹெச்640பி கொஞ்சம் அகலம், 160-க்கு 100 மில்லிமீட்டர். 8192 படி, ஓரத்தில் ஆறு பட்டன். இதிலும் பேனாவுக்குப் பேட்டரி கிடையாது. இரண்டும் ஆன்லைனில் ஏறக்குறைய மூவாயிரத்திலிருந்து நாலாயிரத்துச் சொச்சம்வரை ஓடும், ஆஃபர் நாட்களில் ஏறும் இறங்கும். எக்ஸ்பி-பென் ஸ்டார் ஜி640-உம் இதே ரகம், பட்டன் இல்லாதது.

பட்டன் வேண்டுமா என்பதை உங்கள் இடதுகை முடிவு செய்யட்டும். மவுஸில் வேலை செய்தபோதே இடதுகை கீபோர்டில் பழகியிருந்தால் பட்டன் தேவைப்படாது. கீபோர்டு ஷார்ட்கட் அவ்வளவாகப் பழகாதவர் என்றால் ஹெச்640பி எடுங்கள். பட்ஜெட்டை ஏழெட்டாயிரத்துக்கு ஏற்ற முடிந்தால் ஒன் பை வாக்கம் மீடியம், சிடிஎல்-672, நல்ல பொருள். எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2 10 அங்குலப் பரப்பும் எட்டுப் பட்டனும் தருகிறது. ஆனால் வாங்குவதற்கு முன் மேசையை அளந்து பாருங்கள். வாக்கம் இன்டுவோஸில் ப்ளூடூத் உள்ளதற்கு அதிக விலை கேட்பார்கள். மேசையை விட்டு நகராத வேலைக்கு ஒரு கேபிள் போதும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாம், தப்பில்லை. பேனா அதே மாடலுக்கு உரியதா என்று பாருங்கள். ஒரு மாடலின் பேனா இன்னொன்றில் வேலை செய்யும் என்று நம்ப முடியாது, தனிப் பேனாவும் மலிவாகக் கிடைக்காது. உங்கள் விண்டோஸுக்கு அந்த மாடலின் டிரைவர் இன்னும் வருகிறதா என்று கம்பெனி தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய மாடல்கள் சிலவற்றுக்குப் புது டிரைவர் நின்றுவிட்டது. ஸ்கேல் வைத்து மூலைவாட்டில் மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். கோடு பாம்பு மாதிரி நெளிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேபிள் சொருகுகிற இடத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள்.

வாங்கியதும் மாட்டிவிட்டு “இது சரியில்லை” என்று மூலையில் போடுகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் குறை டேப்லெட்டில் இருக்காது, செட்டிங்கில் இருக்கும். இதை மட்டும் பொறுமையாகச் செய்யுங்கள்.

வேறு கம்பெனி டேப்லெட்டின் டிரைவர் முன்பே இருந்தால் அதை முழுதாக நீக்கி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, பிறகு புதியதை ஏற்றுங்கள். இரண்டு டிரைவர் ஒன்றாக இருந்தால் அழுத்தம் வேலை செய்யாமல் போகலாம். யூஎஸ்பி ஹப் வேண்டாம், சிபியு-விலேயே நேராகச் சொருகுங்கள். வாக்கம் டிரைவரில் “ஃபோர்ஸ் ப்ரொபோர்ஷன்ஸ்” என்று ஒன்று இருக்கும், அதை டிக் பண்ணுங்கள். ஒன் பை வாக்கத்தின் பரப்பு 16-க்கு 10, மானிட்டர் 16-க்கு 9. இதை விட்டுவிட்டால் கை வட்டம் போட்டாலும் திரையில் பத்து சதவீதம் சப்பையாக விழும். கண்விழியைச் சுற்றி மாஸ்க் போடும்போது எதுவோ இடிக்கிறதே என்று தோன்றும், காரணம் பிடிபடாது. டிக் பண்ணினால் டேப்லெட்டின் உயரத்தில் ஒன்பதரை மில்லிமீட்டர் பயன்படாமல் போகும், போகட்டும். பின்னாளில் இரண்டாவது மானிட்டர் வந்தால் டேப்லெட்டை ஒன்றுக்கு மட்டும் மேப் செய்யுங்கள்.

பேனாவை வைத்ததும் முனையைச் சுற்றி ஒரு வளையம் தோன்றி, கோடு தாமதமாக ஆரம்பிக்கிறதா? அது விண்டோஸ் செய்கிற வேலை. கன்ட்ரோல் பேனலில் பென் அண்ட் டச் உள்ளே போய், அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் என்பதை அணைத்துவிடுங்கள். டிரைவரில் விண்டோஸ் இங்க் (விண்டோஸ் பேனாவைக் கையாளும் முறை) என்பதை முதலில் ஆன் ஆகவே விடுங்கள். அதை அணைத்தால் போட்டோஷாப்பில் அழுத்தம் போய்விடும். போட்டோஷாப்பை விண்டேப் என்ற பழைய முறைக்கு மாற்றிய பிறகுதான் அதை அணைக்கலாம்.

போட்டோஷாப்பில் பிரஷ் செட்டிங்ஸ் திறந்து, ஷேப் டைனமிக்ஸில் சைஸ் கன்ட்ரோலை ஆஃப் செய்யுங்கள். ட்ரான்ஸ்ஃபரில் ஓபாசிட்டிக்குப் பென் பிரஷர் கொடுங்கள். புதிதாக வாங்கியவர்கள் இரண்டையும் ஆன் செய்துவிட்டு, பிரஷ் சைஸ் தாறுமாறாக மாறுகிறதே என்று திணறுவார்கள். ரீடச்சில் சைஸ் நிலையாக இருக்க வேண்டும், கனம்தான் மாற வேண்டும். மேல்பட்டையில் ஓபாசிட்டி பக்கத்திலும் வலது ஓரத்திலும் பேனா படம் போட்ட சின்ன பட்டன்கள் இருக்கின்றன. அவை பிரஷ்ஷின் சொந்த செட்டிங்கை மீறிவிடும், எது ஆன் எது ஆஃப் என்று ஒரு கண் வைத்திருங்கள்.

பேனாவின் இரண்டு பட்டனில் ஒன்றுக்கு ஆல்ட், மற்றதற்கு ரைட் கிளிக் கொடுங்கள். குளோன் ஸ்டாம்ப், ஹீலிங் பிரஷ் இரண்டிலும் எங்கிருந்து எடுப்பது என்று காட்ட ஆல்ட்தான் வேண்டும், இனி அது விரல் நுனியிலேயே இருக்கும். கீபோர்டில் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக்கோடு பேனாவைப் பக்கவாட்டில் இழுத்தால் பிரஷ் சைஸ் மாறும், மேலும் கீழும் இழுத்தால் ஓரத்தின் மென்மை மாறும். இந்த ஒன்று பழகினாலே வேகம் நன்றாகக் கூடும்.

முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். பேனாவைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் கர்சரும் அங்கே தாவும், மவுஸ் மாதிரி விட்ட இடத்தில் நிற்காது. மவுஸைக் கழற்றி டிராயரில் வையுங்கள். ஃபோல்டர் திறப்பது, பெயர் மாற்றுவது, பிரவுசர் எல்லாமே பேனாவில். டேப்லெட்டை மானிட்டருக்கு நேராக வையுங்கள், கோணலாக வைத்தால் கோடும் கோணலாகப் போகும். முகூர்த்த மாதத்தின் நடுவில் ஆரம்பிக்காதீர்கள். ஆடி, மார்கழி மாதிரி வேலை குறைந்த நேரத்தில், பழைய படங்களை எடுத்து இரண்டு வாரம் பழகுங்கள்.

மணிக்கட்டு வலி பற்றி: மவுஸில் உள்ளங்கை கவிழ்ந்தே இருக்கிறது, பேனாவில் கை எழுதுகிற பக்கவாட்டு நிலைக்கு வருகிறது. எனக்கு அது பெரிய நிம்மதி தந்தது. ஆனால் விரல் மரத்துப்போவது, ராத்திரி வலியில் விழிப்பது என்று இருந்தால் டேப்லெட் வாங்குவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

பேனா முனை பிளாஸ்டிக். தேயும். ஒரே சாய்வில் பிடிப்பதால் ஒரு பக்கம் உளி மாதிரி கூராகும், அப்படியே விட்டால் டேப்லெட்டின் மேற்பரப்பில் கீறல் விழும். கூரானது தெரிந்ததும் மாற்றிவிடுங்கள், உபரி முனைகள் பெட்டியிலேயே வரும். நம் ஊர் வெயிலில் உள்ளங்கை வேர்த்து டேப்லெட்டில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு நான் ஒரு வெள்ளை ஏ4 தாளைப் பரப்பளவுக்கு வெட்டி, நாலு மூலையிலும் டேப் ஒட்டி மேலே போட்டிருக்கிறேன். பேனா தாளைத் தாண்டியும் வேலை செய்யும், பென்சிலில் எழுதுகிற உராய்வும் கிடைக்கும். முனை சீக்கிரம் தேயும், அது ஒன்றுதான். தாள் அழுக்கானதும் வேறொன்று வெட்டிப் போட்டுக்கொள்ளலாம்.